555 நோட்டில் எண்ணெய்க் கணக்கு

சென்னையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் சித்தப்பா மகன், பட்டறை வாசலில் நின்ற புரோட்டோன் வீராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மைலேஜ் எவ்வளவு மாமா?" என்று கேட்டார்.

"ஒரு லட்சத்து எண்பதாயிரம்."

அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் ஊரில் மைலேஜ் என்றால் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது. எங்களுக்கு அது மீட்டரில் ஏறியிருக்கும் தூரம். அவர் கேட்ட கேள்வியை நாங்கள் "எண்ணெய் எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்போம். இங்கே பெட்ரோலுக்குப் பெயர் எண்ணெய், காருக்குப் பெயர் காடி. "எங்க ஊர்ல காடின்னா புளிச்ச தண்ணி மாமா" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

என் பிழைப்பே இந்த இரண்டு மைலேஜுக்கும் நடுவில்தான் ஓடியது. பழைய காடி வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிப்போவார்கள். நான் போனட்டைத் திறந்து பார்ப்பேன், அடியில் படுத்துப் பார்ப்பேன், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம், வேண்டாம் என்று சொல்வேன். அவர்கள் கேட்பது எப்போதும் இரண்டே கேள்வி. எங்கேயாவது மோதின காடியா? எண்ணெய் எப்படிச் சாப்பிடும்? முதல் கேள்விக்கு இரும்பே பதில் சொல்லிவிடும். இரண்டாவதுதான் என்னைப் பல வருஷம் ஏமாற்றியது.

மலேசியாவில் எங்கள் கம்போங் மேடான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2001 மார்ச் மாதத்துக் கலவரம்தான் ஞாபகத்துக்கு வரும். மறக்கக்கூடியதும் இல்லை. ஆனால் இங்கேயே கிடப்பவனுக்கு இது விடியற்காலை ஐந்தரைக்கு எஞ்சின் சத்தத்தோடு கண் விழிக்கிற இடம். பழைய கிள்ளான் சாலையை ஒட்டி அடுக்குமாடி வீடுகள். அவற்றின் அடியில் இரட்டை வரிசையில் நெருக்கி நிறுத்திய காடிகள். புதுசு குறைவு. சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில் எல்லாம் மூன்றாவது கை, நான்காவது கை மாறி வந்தவை. சாகா வெளிவந்தது 1985 ஜூலையில், கஞ்சில் 1994 ஆகஸ்ட்டில். நான் தொழிலுக்கு வந்த பிறகு பார்த்த கஞ்சிலுக்குக் கணக்கே இல்லை. காவல்காரர், பள்ளி வேன் ஓட்டுபவர், தொழிற்சாலை ஷிப்ட்டுக்குப் போகிறவர் எல்லாருக்கும் மாதக் கடைசியில் எண்ணெய்க் காசுதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஆனால் யாருக்கும் லிட்டர் தெரியாது. எண்ணெய் நிலையத்தில் முதலில் கவுன்டரில் காசைக் கொடுக்க வேண்டும். "மூனாம் நம்பர், இருபது வெள்ளி." இருபது வெள்ளிக்கு, அதாவது இருபது ரிங்கிட்டுக்கு ஓடி, பம்பு தானாக நிற்கும். அதனால் இங்கே எண்ணெய்க் கணக்கு என்பது "இருபது வெள்ளி மூனு நாளைக்கு வருது" என்பதுதான். தூரம் கிடையாது, லிட்டர் கிடையாது, வெள்ளியும் நாளும் மட்டும்.

2007-ல் கம்போங் லிண்டுங்கானிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். கிள்ளானில் வேலை. போக வர தினம் 50 கிலோமீட்டர், மாதம் 26 நாள். பேருந்தில் போய் அலுத்துவிட்டது, பழைய காடி ஒன்று வேண்டும். கஞ்சிலா, வீரா 1.5-ஆ என்று கேட்டார். சாலை வரியில் கஞ்சிலுக்கு 20 வெள்ளி, வீராவுக்கு 90. அவர் சாய்ந்தது என்னவோ வீரா பக்கம்தான். மூன்று பிள்ளைகள், வயதான அம்மா.

"எண்ணெய்தாண்ணே பயமா இருக்கு. சரியாச் சொல்லுங்க, எவ்வளவு சாப்பிடும்?"

சரியாகச் சொல்லத்தான் போனேன். பட்டறையில் ஒரு பிஸ்கட் தகரம் நிறையப் பழைய விளம்பரப் புத்தகங்கள் சேர்த்து வைத்திருந்தேன். ஷோரூமில் காடியோடு கொடுத்தவை. அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசும். ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரே சீராக ஓட்டிய கணக்கைச் சொல்லும். இன்னொன்று 90 என்னும். ஜப்பான் புத்தகம் 10-15 முறை என்று ஒன்றைக் குறிப்பிடும். எல்லாவற்றிலும் எண் பெரிதாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் ஒரு பிரிட்டிஷ் காடிப் பத்திரிகை கைக்கு வந்தது. புரோட்டோன் 1989-லிருந்தே இங்கிலாந்துக்குப் போன காடி. அதனால் அங்கே அரசாங்க முறைப்படி சோதித்த எண் இருக்கும். நம்முடைய வீரா அங்கே பெர்சோனா என்ற பெயரில் ஓடியது. கஞ்சில் அங்கே நிப்பா. (இங்கே 2007-ல் பெர்சோனா என்று வந்தது முற்றிலும் வேறு காடி. இந்தப் பெயர்க் குழப்பத்தில் வேறு காடியின் எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.) பத்திரிகையில் வீராவுக்கு ஒரு கேலனுக்கு 40 மைல் என்று பார்த்தேன். கால்குலேட்டரை எடுத்தேன். மைலுக்கு 1.609, கேலனுக்கு 3.785 லிட்டர். வந்தது 17.

"லிட்டருக்கு பதினேழு கிலோமீட்டர் வரும்மா. தாராளமா வாங்குங்க."

வாங்கினார். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பட்டறைக்கு வந்தார். கோபமாக வரவில்லை, கையில் ஒரு 555 நோட்டோடு வந்தார். மளிகைக்கடைக் கடன் எழுத எல்லாரும் வைத்திருப்பார்களே, அதே குட்டி நோட்டு. நர்ஸ் அல்லவா, சார்ட் எழுதிப் பழகிய கை. தேதி, மீட்டர் எண், எத்தனை லிட்டர், எத்தனை வெள்ளி, ஒரு நாள் விடாமல். வெள்ளிக் கணக்கில் ஊற்றினாலும் பம்பில் காட்டிய லிட்டரைப் பார்த்து எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கூட்டி, வகுத்து, கீழே இரண்டு கோடு: 7.6.

எண்ணெய் அப்போது லிட்டர் 1 வெள்ளி 92 காசு. என் வாக்குப்படி அவருக்கு மாதம் 147 வெள்ளி ஆகியிருக்க வேண்டும். ஆனது 328. "எங்கண்ணே தப்பு?" என்று மட்டும் கேட்டார்.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு தப்பு இல்லை, மூன்று.

முதல் தப்பு என்னுடையது. கேலனில் இரண்டு ஜாதி. அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. பிரிட்டிஷ் பத்திரிகையின் எண்ணை அமெரிக்கக் கேலனால் வகுத்திருக்கிறேன். 40 மைலுக்குச் சரியான விடை 14. பென்சில் முனையிலேயே மூன்று கிலோமீட்டர் தொலைந்துவிட்டது. அன்றிலிருந்து நான் வாங்குகிற ஒவ்வொரு 555 நோட்டின் உள் அட்டையிலும் முதலில் எழுதுவது இரண்டு எண்: பிரிட்டிஷ் கேலன் என்றால் 0.354-ஆல் பெருக்கு, அமெரிக்கக் கேலன் என்றால் 0.425-ஆல் பெருக்கு.

இரண்டாவது, அந்த 14. அது பொய் எண் இல்லை, வேறு உலகத்து எண். அன்றைய ஐரோப்பியச் சோதனையில் காடி சாலையில் போனதே இல்லை, உருளை மேல் நின்ற இடத்திலேயே ஓடியது. மொத்தம் 11 கிலோமீட்டர், 20 நிமிடம், சராசரி வேகம் மணிக்கு 34-ஐத் தொடவில்லை. ஜப்பானின் பழைய 10-15 முறை இன்னும் மெத்தனம்: 4 கிலோமீட்டர் சொச்சம், சராசரி 23-க்கும் கீழே, 70-ஐத் தாண்டவே இல்லை. இரண்டிலும் ஏர்கான் அணைந்திருந்தது. நம் ஊரில் சவ ஊர்வலத்தில் போகிற காடிக்குக்கூட ஏர்கான் அணைவதில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவுக்கு முன்னால் காலை ஏழேகாலுக்கு நின்றுகொண்டே எரிகிற எண்ணெயை எந்த உருளையும் எண்ணவில்லை. அதனால் 14-ஐ நான் 10 என்று படிக்கப் பழகிக்கொண்டேன். விளம்பரப் புத்தகத்து எண்ணில் முக்கால் பங்குக்குக் கீழே. இது என் கைக்கணக்கு, விஞ்ஞானம் இல்லை.

கேம்ரி, அக்கார்ட், கொரோலா மாதிரி அமெரிக்காவிலும் ஓடுகிற காடி என்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984-ஆம் வருஷ மாடலிலிருந்து எண் வைத்திருக்கிறது. 2008 மாடலிலிருந்து ஏர்கான், வேகம் எல்லாம் சேர்த்துச் சோதனையை மாற்றினார்கள், பழைய காடிகளின் எண்ணையும் அதற்கேற்பக் குறைத்துப் போட்டார்கள். நம் வெயிலுக்குக் கிட்டத்தட்ட ஒத்துவருவது அதுதான். எஞ்சினும் கியர்பெட்டியும் அதே வகைதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, கணக்குப்படி அந்த வீரா 10 கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது 7.6. மூன்றாவது தப்பு காடிக்குள்ளே இருந்தது.

நோட்டை வைத்துக்கொண்டு அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷா ஆலாம் தாண்டியும் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி அடிக்கோட்டை விட்டு அசையவில்லை. "நல்லதுதானேண்ணே, சூடே ஆகல" என்றார். பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பட்டறைக்குத் திரும்பி, எஞ்சின் சூடேறும்வரை குளிர்நீரைத் தடுக்கிற தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் ஓட்டை. முன்னால் பார்த்த எவரோ அதை எடுத்து எறிந்துவிட்டு மூடியை மூடியிருக்கிறார்.

இது இந்த ஊர்ப் பட்டறைகளின் பழைய பழக்கம். ஒரு காடி கொதித்துப்போய் வந்தால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவார்கள். "வெயில் நாட்டுக்கு இது எதுக்கு?" என்பார்கள். நானும் ஆரம்பத்தில் செய்தவன்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீரா இஞ்செக்ஷன் காடி. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருந்தால், கம்ப்யூட்டர் பெட்டி எண்ணெயைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும். கிள்ளான் போய்ச் சேரும்வரை அந்தக் காடிக்கு விடியற்காலைதான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல காடியின் பிளக் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும். இது அடுப்புக்கரி.

புதுத் தெர்மோஸ்டாட் வாங்கினேன். உடனே மாட்டவில்லை. பட்டறை அடுப்பில் தேத்தண்ணீர்ச் சட்டியை வைத்து, கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்தார். தகட்டில் 82 என்று எண் குத்தியிருந்தது, அத்தனை டிகிரியில் திறக்க வேண்டும். சட்டியின் அடியில் முத்து முத்தாகக் குமிழ் கட்டுகிறவரை இறுக மூடிக் கிடந்தது. அப்புறம் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது சுண்டுவிரல் நகம் அளவுக்குத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டோம், அது தானாக மெல்ல மூடிக்கொண்டது. "ரத்தக்குழாய் வால்வு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அது தெரியாது, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

காடிக்குள் இன்னொரு கோளாறும் இருந்தது. நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றினேன். பின்பக்க இடது சக்கரம் முக்கால் சுற்றிலேயே நின்றுவிட்டது. கைப்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, பிரேக் பாதி பிடித்தபடியே மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. டிரம்மில் கை வைக்க முடியாத சூடு.

இரண்டையும் சரி செய்து அனுப்பினேன். கூலி வாங்கவில்லை, பதினேழு என்று சொன்ன வாய்க்கு அது அபராதம். மூன்று முறை முழுத் தொட்டி ஊற்றி எழுதச் சொன்னேன். 9.9, 10.1, 10.4. அதற்கு மேல் போகவில்லை.

மூன்று முறை, அதுவும் முழுத் தொட்டி என்று நான் அடம்பிடிக்கக் காரணம் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப ஊற்றினால் ஐந்து லிட்டர்தான் போகும். பம்பு முன்னே பின்னே நிற்பதில் அரை லிட்டர் வித்தியாசம் வந்தாலே பத்தில் ஒரு பங்கு கணக்கு கெட்டது. முப்பது லிட்டர் ஊற்றும்போது அதே அரை லிட்டர் ஒன்றுமில்லை. அதே நிலையம், அதே பம்பு, துப்பாக்கி முதல் தடவை 'டக்' என்றதும் நிறுத்த வேண்டும். வெள்ளியைச் சரியாக்குகிறேன் என்று அதற்கு மேல் அமுக்கக் கூடாது.

மீட்டரும் உத்தமன் இல்லை. விற்கிறதற்கு முன் மீட்டரைப் பின்னால் திருப்புகிற கதை எல்லாருக்கும் தெரியும். டயர் கதை தெரியாது. 175/70R13 டயரோடு வந்த வீராவுக்கு 195/50R15 போட்டால் ஒரு தப்பும் இல்லை, சுற்றளவு ஏறக்குறைய அதேதான். 195/55R15 போட்டால் சக்கரம் மூன்றரை சதவீதம் பெரிசு. மீட்டர் 300 காட்டும்போது காடி 310 ஓடியிருக்கும். டயர் மாற்றின அன்றே காடி எண்ணெய் கூடக் குடிக்கிற மாதிரித் தெரியும். பாவம், காடி ஒரு பாவமும் அறியாது.

அடுத்த வருஷம், 2008 ஜூன் 5. முந்தின நாள் சாயங்காலம் அறிவித்து, நள்ளிரவோடு எண்ணெய் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்குப் போனது. அன்று ராத்திரி எண்ணெய் நிலையங்களில் நின்ற வரிசையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு வாரத்தில் என் பட்டறையிலும் வரிசை. "விலை ஏறினது தெரியும்ணே, ஆனா அதுக்கு மேலயும் குடிக்குது." ஐம்பது வெள்ளிக்கு முன்பு 26 லிட்டர் வந்தது, இப்போது பதினெட்டரை. சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதிக் காட்டினேன். ஒரு பெரியவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "அது சரி தம்பி, காடியையும் ஒரு பார்வை பாரேன்" என்றார். பிளக், ஃபில்டர், ஏதோ ஒரு மாத்திரை என்று மாற்றிக் கொடுத்துக் காசு பார்த்த பட்டறைகளும் உண்டு. அந்த ஜூன் மாதம் அதற்கு நல்ல மாதம்.

அதே வரிசையில் இன்னொருவர், வீட்டில் இரண்டு காடி வைத்திருந்தவர். அவருடைய வாஜா லிட்டருக்கு 8 ஓடியது, மனைவியின் கஞ்சில் 16. கையில் காசு குறைவு, எதை முதலில் சரி செய்வது? கஞ்சிலைச் சரி செய்தால் 20 வரும், நாலு கூடும். வாஜா 10-க்குத்தான் வரும், இரண்டுதான் கூடும். அதனால் கஞ்சில் என்றார். ஆயிரம் கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். கஞ்சில் 62 லிட்டர் சொச்சத்திலிருந்து 50-க்கு இறங்கும், மிச்சம் பன்னிரண்டரை. வாஜா 125-லிருந்து 100-க்கு இறங்கும், மிச்சம் 25. அவர் என் கையிலிருந்த பென்சிலை வாங்கித் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து என் நோட்டில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று இன்னொரு பத்தியும் சேர்ந்தது.

ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய வேன்கள் பெருகியபோது வேறொரு தலைவலி. பின் கண்ணாடியில் ஒரு பச்சை ஸ்டிக்கர் இருக்கும், ஜப்பான் எழுத்தில், நடுவில் +20% என்று. விற்கிறவர் அதைக் காட்டி "இருபது பர்சென்ட் எண்ணெய் மிச்சம்" என்பார். எனக்கு ஜப்பான் எழுத்து தெரியாது. பக்கத்து டயர்க்கடைச் சீன முதலாளி, எங்கள் தவுக்கேயைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். பாதி எழுத்து சீனம் மாதிரிதான், புரிந்தவரை மலாயில் சொன்னார்: 22-ஆம் ஆண்டு, தரம், எட்டியது. அந்த 22 ஜப்பான் அரசரின் வருஷக்கணக்கு, நமக்கு 2010. அந்த வருஷத்துக்கு வைத்த இலக்கை இருபது சதவீதம் தாண்டியது என்று அர்த்தம். ஆனால் இலக்கு எடைக்கு எடை வேறு. பாரமான வேனுக்குச் சின்ன இலக்கு, அதைத் தாண்டினால் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாத கஞ்சில் பக்கத்தில் அது நிற்க முடியாது. தவுக்கே படித்து முடித்து, "பாஸ், இதுல லிட்டர் எங்க?" என்று கேட்டார். அதுதான் கேள்வி.

2025 செப்டம்பர் 30 முதல் ரோன் 95 எண்ணெய் குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு, அடையாள அட்டையைக் காட்டி மாதம் 300 லிட்டர் என்று ஆனது. அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு பையன் வீராவைக் கொண்டுவந்து நிறுத்தினான். பார்த்ததும் காடியை அடையாளம் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் பையனை. நர்ஸம்மாவின் கடைசி மகன்.

"அங்கிள், இன்னும் இருநூத்தி இருபது லிட்டர் இருக்கு, மாசம் பூரா தாங்குமா?" கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கம்போங் மேடானில் ஒருவர் வெள்ளியை விட்டுவிட்டு லிட்டரில் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"எவ்வளவு ஓடுது?"

"எட்டரை."

"மீட்டர் பார்த்தா சொல்ற?"

"மீட்டர் நின்னு ஆறு வருஷமாச்சு அங்கிள். போன்ல மேப் பார்த்துக் கணக்குப் போட்டேன். அம்மாதான் எழுதி வைக்கச் சொன்னாங்க."

உள்ளே போய்ப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 10.4 என்று என் கையெழுத்தில் இருந்தது.

"வழியில வரும்போது சூட்டு ஊசி எங்கடா நின்னுச்சு?"

"எந்த ஊசி?" என்றான்.

போனட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணீர்ச் சட்டியைத் தேடினேன்.